டச்சுக் கூட்டுச்சொற்கள்: பன்மையோ அசைப் பிரிப்போ தவறினால் எங்கே பார்ப்பது

டச்சில் ஒரு கூட்டுச்சொல்லின் பன்மை தவறினாலும், வரியின் ஓரத்தில் அந்தச் சொல் தவறான இடத்தில் முறிந்தாலும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். நிலைமொழி எங்கே முடிகிறது, வருமொழி எங்கே தொடங்குகிறது என்று பார்க்காமல் முழுச்சொல்லையும் ஒரே சொல்லாகக் கையாண்டிருப்போம். அந்தப் பொருத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பாதிப் பிழைகள் அப்போதே தீர்ந்துவிடும். மீதியை அறிகுறி வாரியாகக் கீழே பார்க்கலாம்.

எழுத்துமுறை பற்றி ஒரு குறிப்பு. டச்சுச் சொற்கள் இங்கே தமிழ் எழுத்தில் இருக்கின்றன. குறில் நெடில் டச்சு ஒலிப்படியே வரும். தொண்டையில் உரசி வரும் ஜி, சி-ஹெச் ஒலிகளுக்கு ஹ் இட்டிருக்கிறோம். எஸ், இஸட் இரண்டுக்கும் ஸ்தான். டச்சு எழுத்தில் மெய் இரட்டிக்கும் இடத்தில் மட்டுமே இங்கும் இரட்டித்திருக்கிறோம். சொல்லின் இறுதியில் வரும் 'என்' விகுதியின் ன் பேச்சில் பெரும்பாலும் கேட்காது. எழுத்தில் இருப்பதால் காட்டியிருக்கிறோம்.

முதல் வேலை: பொருத்தைக் காண்பது

சொல்லை வலப்பக்கக் கடைசியிலிருந்து படியுங்கள். தனியே நிற்கக்கூடிய ஒரு சொல் அங்கே கிடைக்கும். அதுதான் தலைச்சொல். பால், பன்மை, சிறுமை விகுதி மூன்றும் அதைப் பொறுத்தவை. டாஃபெல் (மேசை) என்பதற்கு முன்னால் 'டெ' வரும். ப்லட் (பலகை, தாள்) என்பதற்கு 'ஹெட்' வரும். இரண்டும் சேர்ந்த டாஃபெல்ப்லட் 'ஹெட்' வகைதான், கடைசிச் சொல் ப்லட் என்பதால்.

நீளமான சொல்லுக்கும் இதே வழிதான். அர்பேய்ட்ஸ்ஒன்ஹெஸ்ஹிக்ட்ஹேய்ட்ஸ்வெர்ஸேகெரிங் என்றால் வேலை செய்ய இயலாமல் போனால் கைகொடுக்கும் காப்பீடு. கடைசிச் சொல் வெர்ஸேகெரிங் (காப்பீடு). அதன் பன்மை வெர்ஸேகெரிங்கென் என்று தெரிந்தால் முழுச்சொல்லின் பன்மையும் தெரிந்துவிட்டது. முன்னால் உள்ள எதையும் தொட வேண்டியதில்லை. வரி முறிக்க நல்ல இடமும் வெர்ஸேகெரிங்குக்கு முன்னால்தான்.

பொருத்தில் என், எஸ் போன்ற இணைப்பு எழுத்து இருந்தால் அது எப்போதும் நிலைமொழியோடு சேரும். பழம் + கடை = பழக்கடை என்பதில் வரும் க் 'பழக்' என்று முன்சொல்லோடு நிற்கிறதல்லவா, அதே முறைதான். பூகென்-கஸ்ட், ஸ்டாஷொன்ஸ்-ப்லேய்ன் என்றுதான் பிரியும்.

அறிகுறி: ஒரு பொருள்தான், ஆனால் சொல் பன்மை போலத் தெரிகிறது

பூகென்கஸ்ட் என்பது ஒரே ஒரு புத்தக அலமாரி. பூகென் (புத்தகங்கள்) நடுவில் இருப்பதைப் பார்த்து இது பன்மை என்று நினைத்து வினையைப் பன்மையில் போடுவது அடிக்கடி வரும் பிழை. எண்ணைக் காட்டுவது கடைசிப் பகுதி மட்டுமே. ஒன்று பூகென்கஸ்ட், பல பூகென்கஸ்டென். பொஸ்ட்கன்டோர் (அஞ்சலகம்) பன்மையில் பொஸ்ட்கன்டோரென். இலங்கைத் தமிழில் கந்தோர் என்று வழங்குவது இந்தக் கன்டோர்தான்.

விதிவிலக்கு மிகச் சில. தலைச்சொல் இடப்பக்கம் நிற்கும் பதவிப் பெயர்களில் விகுதி நடுவில் வரும். ஸெக்ரெடாரிஸ்-ஹெனெரால் (துறைச் செயலர்) பன்மையில் ஸெக்ரெடாரிஸ்ஸென்-ஹெனெரால் ஆகும். கிழக்கிந்தியக் கம்பெனி வரலாறு படிப்பவர்கள் அடிக்கடி சந்திக்கும் கவர்னர் ஜெனரல்களும் இப்படித்தான்: ஹூவெர்னோர்ஸ்-ஹெனெரால். இங்கே 'ஹெனெரால்' என்பது அடைமொழி, அதனால்தான் அதற்கு விகுதி இல்லை.

அறிகுறி: விகுதி சரி, ஆனால் நடுவில் எழுத்து கூடுகிறது அல்லது குறைகிறது

இந்த இடத்தில் தமிழ் தெரிந்தவருக்கு ஒரு வசதி இருக்கிறது. தனிக்குறிலை அடுத்த மெய், உயிர் வந்தால் இரட்டிக்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். கல் + ஐ = கல்லை; கால் + ஐ = காலை. டச்சுப் பன்மை அச்சாக இதே கணக்கில் ஓடுகிறது. பொம் (வெடிகுண்டு) குறில். பன்மை பொம்மென், எம் இரட்டிக்கும். போம் (மரம்) நெடில். பன்மை போமென், எம் ஒன்றுதான்.

எழுத்தில் இன்னொரு மாற்றமும் சேரும். போம் என்பதில் நெடிலைக் காட்ட ஓ எழுத்து இரண்டு முறை வரும். போ-மென் என்று பிரிந்ததும் முதல் அசை உயிரில் முடிவதால் ஓ ஒன்று போதும். மரங்கள் என்று எழுத வந்தவர் இரண்டு ஓ போட்டிருந்தால் அசையைப் பிரித்துப் பார்க்கவில்லை என்று அர்த்தம். அப்பெல்போம் (ஆப்பிள் மரம்) ஆனாலும் பிரித்துப் பார்க்க வேண்டியது போம் ஒன்றைத்தான்.

சரிபார்க்கும் முறை:

1. கடைசிச் சொல்லை மட்டும் தனியே எடுங்கள்.
2. அதன் உயிர் குறிலா நெடிலா என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.
3. 'என்' சேர்த்து அசை பிரியுங்கள். குறில் என்றால் மெய் இரட்டி. நெடில் என்றால் ஒரே மெய், ஒரே உயிரெழுத்து.

இந்த முறைக்குள் அடங்காத சொற்கள் ஒரு கைப்பிடி. அவற்றை மனப்பாடம் செய்வதுதான் வழி, ஏனென்றால் இவை கூட்டுச்சொற்களின் கடைசியில் ஓயாமல் வருபவை. டஹ் (நாள்) டாஹென் ஆகும். ஆகவே வெர்யார்டஹ் (பிறந்த நாள்) வெர்யார்டாஹென். வெஹ் (சாலை) வேஹென். ஸ்னெல்வெஹ் (விரைவுச் சாலை) ஸ்னெல்வேஹென். ஹ்லஸ் (கண்ணாடிக் கோப்பை) ஹ்லாஸென். இவற்றில் குறில் நெடிலாகிறது, மெய் இரட்டிக்காது. உயிரே மாறுபவை மூன்று முக்கியம்: ஸ்டட் (நகரம்) ஸ்டேடென், லிட் (உறுப்பினர்) லேடென், ஸ்ஹிப் (கப்பல்) ஸ்ஹேபென். ஹோஃப்ட்ஸ்டட் (தலைநகரம்) என்பது ஹோஃப்ட்ஸ்டேடென், பெஸ்ட்யூர்ஸ்லிட் (நிர்வாகக் குழு உறுப்பினர்) என்பது பெஸ்ட்யூர்ஸ்லேடென். ஹேய்ட் என்று முடியும் பண்புப்பெயர்கள் எல்லாம் ஹேடென் ஆகும். கின்ட் (குழந்தை) கின்டெரென்; க்லேய்ன்கின்ட் (பேரக்குழந்தை) க்லேய்ன்கின்டெரென்.

ப்லட் என்ற சொல்லுக்கு இரண்டு பன்மை உண்டு. மர இலை என்றால் ப்லாடெரென்; பலகை, தாள், பத்திரிகை என்றால் ப்லாடென். டஹ்ப்லட் (நாளிதழ்) என்பதை ப்லாடெரென் என்று முடித்தால் நாளிதழ்கள் மரத்தில் துளிர்த்த மாதிரி ஆகிவிடும்.

கடைசி எஸ் இஸட்டாகவும், எஃப் வீயாகவும் மாறுவது அடுத்த சிக்கல். ஹௌஸ் (வீடு) பன்மையில் எழுத்து மாறி இஸட் பெறும். ஸீகென்ஹௌஸ் (மருத்துவமனை) அதே வழி. நம்மூர்க் கக்கூசின் மூலமான கக்ஹௌஸ் கூட அப்படித்தான். ப்ரீஃப் (கடிதம்) ப்ரீவென். ஆனால் மென்ஸ் (மனிதன்), கன்ஸ் (வாய்ப்பு), க்ரௌஸ் (சிலுவை) எஸ்ஸை விடுவதில்லை. ஃபோடோஹ்ராஃப் (புகைப்படக்காரர்) எஃப்பை விடுவதில்லை.

அழுத்தம் விழாத இக் என்ற இறுதி இரட்டிக்காது. மொன்னிக் (துறவி) மொன்னிகென், பெர்ஸிக் (பீச் பழம்) பெர்ஸிகென். இதைக் கற்றவுடன் கூட்டுச்சொற்களிலும் இரட்டிப்பை நீக்கத் தோன்றும்; கூடாது. வௌல்னிஸ்பக் (குப்பைத்தொட்டி) என்பதில் முதன்மை அழுத்தம் முன்னால் இருந்தாலும் பக் தனிச்சொல், தனக்கென்று அழுத்தம் உள்ளது. ஆகவே வௌல்னிஸ்பக்கென். ஆனால் நிஸ் என்ற விகுதி அழுத்தமில்லாமலே இரட்டிக்கும்: ஹெவங்கெனிஸ் (சிறை) பன்மையில் ஹெவங்கெனிஸ்ஸென்.

அறிகுறி: என் போடுவதா, எஸ் போடுவதா, மேற்குறி வேண்டுமா

அழுத்தமில்லாத எல், எம், என், எர் என்று முடியும் சொற்களும், யெ என்ற சிறுமை விகுதி பெற்றவையும் எஸ் கொள்ளும். டாஃபெல்ஸ், பக்கெர்ஸ் (ரொட்டி சுடுபவர்கள்), ஹௌஸ்யெஸ் (சின்ன வீடுகள்) போல.

ஏ, ஐ, ஓ, யூ, ஒய் ஆகிய ஒற்றை உயிரெழுத்தில் முடிந்தால் எஸ்ஸுக்கு முன்னால் மேற்குறி (') கட்டாயம். ஃபோடோ, ஔடோ, டக்ஸி, பேபி எல்லாம் இந்த வகை. மேற்குறி இல்லாவிட்டால் கடைசி அசை மெய்யில் முடிந்ததாகி, உயிரைக் குறிலாகப் படித்துவிடுவார்கள். அதைத் தடுக்கத்தான் இந்தக் குறி. பஸ்ஃபோடோ (கடவுச்சீட்டுப் படம்), வ்ரஹ்ட்ஔடோ (லாரி) ஆகியவற்றுக்கும் அதே குறி வேண்டும். குழப்பம் வராத இடத்தில் குறியும் வராது. கடோ (பரிசு), ப்யூரோ (மேசை, அலுவலகம்) இரண்டும் ஈ-ஏ-யூ என்ற மூன்று எழுத்தில் முடிபவை; அவற்றுக்கு வெறும் எஸ். ஈயின் மேல் சாய்கோடு உள்ள கஃபேக்கும் வெறும் எஸ்தான்.

எண்ணுக்குப் பின்னால் யார் (ஆண்டு), ஊர் (மணி), கீலோ, யூரோ ஆகியவை ஒருமையிலேயே நிற்கும். மூன்று ஆண்டு என்றால் ட்ரீ யார். ஆனால் நாள், வாரம், மாதம், நிமிடம் ஆகியவை பன்மை பெறும்.

அறிகுறி: மன் என்று முடியும் தொழிற்பெயர் மன்னென் ஆக மறுக்கிறது

மன் (ஆண்) தனியே நின்றால் மன்னென். தொழிலைக் குறிக்கும் கூட்டுச்சொல்லில் லீடென் அல்லது பேச்சுவழக்கில் லௌ என்று மாறும். கோப்மன் (வணிகர்) கோப்லீடென் அல்லது கோப்லௌ. டிம்மெர்மன் (தச்சர்) டிம்மெர்லீடென். ப்ரன்ட்வேர்மன் (தீயணைப்பு வீரர்) ப்ரன்ட்வேர்லீடென் என்றும் ப்ரன்ட்வேர்மன்னென் என்றும் வரும். தொழில் இல்லாத இடத்தில் மாற்றம் கிடையாது. ஸ்னேவ்மன் (பனிமனிதன்) எப்போதும் ஸ்னேவ்மன்னென்.

அறிகுறி: பொருத்தில் என் வேண்டுமா வேண்டாமா என்று தெரியவில்லை

டச்சுக்காரர்களே தடுமாறும் இடம் இது. அதற்குக் காரணமும் உண்டு. அந்த என் பேச்சில் கேட்பதில்லை, காது உதவாது. விதியை வைத்துத்தான் எழுத முடியும். அந்த விதியும் மாறியிருக்கிறது. 1954ஆம் ஆண்டின் 'பச்சைப் புத்தகம்' எனப்படும் அதிகாரபூர்வச் சொற்பட்டியல் நிலைமொழியின் பொருள் பன்மையா என்று பார்க்கச் சொன்னது. ஒரு தோசைக்கு ஒரு வாணலிதானே வேண்டும், ஆகவே வாணலித் தோசையான பன்னெகூக்கில் என் இல்லை. 1995இன் சீர்திருத்தம் பொருளை விட்டுவிட்டு வடிவத்தைப் பார்க்கச் சொன்னது. அன்றிலிருந்து அது பன்னென்கூக். பழைய புத்தகங்களிலும் சில உணவகப் பலகைகளிலும் என் இல்லாத வடிவம் இன்னும் தென்படும். தேர்வில் எழுதினால் பிழைதான்.

கீழ்க்கண்ட வரிசையில் கேளுங்கள். 'ஆம்' என்று முதலில் எங்கே விடை வருகிறதோ அங்கே நின்றுவிடலாம்.

1. நிலைமொழி வினையா? என் இல்லை. ஸ்பின்னெவீல் (நூற்கும் ராட்டை) ஸ்பின்னென் என்ற நூற்கும் வினையிலிருந்து வந்தது. ஸ்பின்னென்வெப் (சிலந்தி வலை) ஸ்பின் என்ற பெயர்ச்சொல்லிலிருந்து வந்தது, அதற்கு என் உண்டு. இரண்டையும் அடுத்தடுத்து எழுதிப் பழகினால் விதி மனத்தில் ஒட்டும்.
2. நிலைமொழிக்குப் பன்மையே இல்லையா? என் இல்லை. ரேய்ஸ்ட் (அரிசி) பன்மை பெறாது. பாலில் வேகவைத்த ரேய்ஸ்டெபப்பில் என் வராது.
3. உலகில் ஒன்றே ஒன்றான பொருளா? என் இல்லை. ஸொன்னெஸ்ஹேய்ன் (வெயில்), மானெஸ்ஹேய்ன் (நிலவொளி). ஆட்சியில் இருக்கும் ஒரே அரசியைக் குறித்ததால் கோனிங்கின்னெடஹ் (அரசி நாள்) என் இல்லாமல் எழுதப்பட்டது. 2013இல் வில்லெம்-அலெக்சாண்டர் முடி சூடிய பின் 2014 முதல், பொதுவாக ஏப்ரல் 27இல், வருவது கோனிங்ஸ்டஹ், இங்கே இணைப்பு எஸ்.
4. நிலைமொழியின் பன்மை ஈ-எஸ் என்று முடியவும் வழி உண்டா? என் இல்லை. ஹ்ரூன்டெ (காய்கறி) ஹ்ரூன்டென் என்றும் ஹ்ரூன்டெஸ் என்றும் பன்மையாகும். ஆகவே ஹ்ரூன்டெஸூப் (காய்கறி சூப்). எண்ணப்போக்கு என்ற ஹெடஹ்டெஹங்கும் இதே வகை.
5. வருமொழி பெயரடையாகி, நிலைமொழி அதை மிகுவிக்க மட்டும் வந்ததா? என் இல்லை. கரடி போல வலுவான என்ற பேரெஸ்டெர்க்கில் என் கிடையாது. கரடித்தோல் என்ற பேரென்வெல்லில் உண்டு.
6. பகுதிகளின் பொருள் மங்கி உறைந்துபோன சொல்லா? என் இல்லை. பக்கெபார்ட் (கிருதா), பொல்லெபோஸ் (கெட்டிக்காரப் பிள்ளை).
7. மேலே எதுவும் பொருந்தாமல், நிலைமொழி 'என்' விகுதிப் பன்மை பெறும் பெயர்ச்சொல்லாக இருந்தால் என் போடுங்கள். பன்னென்கூக், பூகென்கஸ்ட்.

செடிப் பெயர்களுக்கு 1995இல் ஒரு தனி விலக்கு இருந்தது. விலங்குப் பெயரில் தொடங்கும் செடி என்றால் என் வராது என்றார்கள். 2005இன் பதிப்பு அதை நீக்கியது. குதிரைப்பூ என்று பொருள்படும் பார்டென்ப்லூம் (டான்டெலியான்) இப்போது என் பெறும். 1996க்கும் 2006க்கும் இடையில் அச்சான தோட்டக்கலைப் புத்தகத்தைப் பார்த்துத் திருத்தினால் தவறான பக்கம் திருத்திவிடுவீர்கள். சந்தேகம் தீராதபோது நெதர்லாந்தும் பெல்ஜியமும் 1980இல் சேர்ந்து அமைத்த தால்யூனி என்ற மொழி ஒன்றியத்தின் இணையச் சொற்பட்டியலைப் பாருங்கள். அரசு அலுவலகமும் பள்ளியும் ஒப்புக்கொள்வது அதைத்தான்.

அறிகுறி: இணைப்பு எஸ் ஒன்றா இரண்டா

எஸ் காதில் விழும், ஆகவே கேட்டால் எழுதலாம். வருமொழியே எஸ்ஸில் தொடங்கும்போதுதான் சிக்கல். நிலையத் தெரு என்ற ஸ்டாஷொன்ஸ்ஸ்ட்ராட்டில் எத்தனை எஸ் என்று காதால் சொல்ல முடியாது. வருமொழியை மாற்றிப் பாருங்கள். ஸ்டாஷொன்ஸ்ப்லேய்ன் (நிலையச் சதுக்கம்) என்பதில் எஸ் தெளிவாகக் கேட்கிறது. ஆகவே தெருவிலும் இரண்டு எஸ். டொர்ப்ஸ்ப்லேய்ன் (ஊர்ச் சதுக்கம்) இருப்பதால் டொர்ப்ஸ்ஸ்ஹோல் (ஊர்ப் பள்ளி) இரண்டு எஸ். சில சொற்களை மக்கள் இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள். நேர வேறுபாடு என்ற டேய்ட்வெர்ஸ்ஹில், எஸ் சேர்ந்தும் சேராமலும் பட்டியலில் உள்ளது. அங்கே உங்கள் வாய்க்கு வருவதை எழுதுங்கள். ஒரே கட்டுரையில் மாற்றி மாற்றி எழுதாதிருந்தால் போதும்.

பொதுப் பகுதியைச் சுருக்கி எழுதும்போது இணைப்பு எழுத்து சிறுகோட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும். ஸ்டாஷொன்ஸ்- என் டொர்ப்ஸ்ப்லேய்ன் என்பது சரி (நடுவில் உள்ள 'என்' டச்சில் 'மற்றும்'). எஸ்ஸை விட்டுவிடுவது ஆவணங்களில் அடிக்கடி காணும் பிழை.

அறிகுறி: இரண்டு உயிர்கள் மோதுகின்றன

பொருத்தில் இரு உயிரெழுத்துகள் சேர்ந்து வேறொரு ஒலியாகப் படிக்க இடம் கொடுத்தால் சிறுகோடு வரும். ஒரே சொல்லுக்குள், அல்லது விகுதி சேரும் இடத்தில் அதே மோதல் வந்தால் எழுத்தின் மேல் இரட்டைப் புள்ளி வரும். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் போதும். கடல்வாத்து என்ற ஸே-ஏன்ட் கூட்டுச்சொல், சிறுகோடு. கடல்கள் என்ற ஸேயென் விகுதி சேர்ந்தது, கடைசி ஈயின் மேல் இரட்டைப் புள்ளி. ஔடோ-ஒன்ஹெலுக் (கார் விபத்து) என்பதில் ஓவும் ஓவும் மோதுவதால் சிறுகோடு. ஔடோஅலர்ம் (கார் எச்சரிக்கை மணி) என்பதில் ஓவும் ஏயும் சேர்ந்து டச்சில் ஒரே ஒலியாக ஆகாது, ஆகவே கோடு வேண்டாம்.

ஈ என்று நீளும் இறுதிக்குப் பன்மையில் அழுத்தம் பார்க்க வேண்டும். இன்டஸ்ட்ரீ (தொழில்துறை) கடைசியில் அழுத்தம் கொண்டது, அதோடு புள்ளியுள்ள ஈயும் என்னும் புதிதாகச் சேரும். பக்டேரி (நுண்ணுயிரி) நடுவில் அழுத்தம் கொண்டது. அதற்கு ஏற்கெனவே உள்ள ஈயின் மேல் புள்ளி வைத்து என் மட்டும் சேர்த்தால் போதும். பக்டேரிக்கு இரண்டு ஈ தொடர்ந்து வரும் வடிவம் எழுதிவிட்டால் அழுத்தத்தை மறந்திருப்பீர்கள்.

அறிகுறி: நடுவில் இடைவெளி விழுந்து பொருள் மாறுகிறது

ஆங்கிலப் பழக்கத்தில் கூட்டுச்சொல்லைப் பிரித்து எழுதுவது டச்சில் பொருளையே கெடுக்கும். ரோடெவேய்ன்ஹ்லஸ் ஒரே சொல்லானால் சிவப்பு ஒயின் குடிக்கும் கோப்பை. ரோடெவுக்குப் பின் இடைவெளி விட்டால் கோப்பையே சிவப்பு நிறம். லங்கெஅஃப்ஸ்டன்ட்ஸ்லோபெர் நெடுந்தூர ஓட்டக்காரர். முதல் பகுதியைப் பிரித்தால் உயரமான ஓட்டக்காரர். ஹோஹெஸ்ஹோல் (தொழிற்கல்விக் கல்லூரி) சேர்த்தெழுதப்படும், பன்மை ஹோஹெஸ்ஹோலென். பிரித்தால் உயரமான பள்ளிக் கட்டடம்.

அறிகுறி: வரி ஓரத்தில் தவறாக முறிகிறது

முதலில் கையால் பிரிக்கும் வரிசை:

1. பொருத்தில் பிரியுங்கள். ஆவொன்ட்-ஏடென் (இரவு உணவு) சரி. ஒலியை மட்டும் பார்த்து ஆவொன்-டேடென் என்பது பிழை.
2. முன்னொட்டு, பின்னொட்டு இருந்தால் அங்கே பிரியுங்கள்.
3. மீதியில் இரு உயிர்களுக்கு நடுவில் ஒரு மெய் இருந்தால் அது பின்னால் போகும்: டா-ஃபெல். இரண்டு இருந்தால் ஆளுக்கொன்று: பக்-கெர். சி-ஹெச் ஒரே மெய்யாகக் கணக்கு.
4. மூன்றும் அதற்கு மேலும் இருந்தால், டச்சுச் சொல் ஒன்று எந்த மெய்களில் தொடங்க முடியுமோ அத்தனையைப் பின்னால் விடுங்கள்: வென்-ஸ்டெர் (சன்னல்).
5. ஒரே எழுத்து தனியாக நிற்கும்படி முறிக்காதீர்கள். ஆவொன்ட் என்ற சொல் ஆ-வொன்ட் என்று முறியாது.

ஐ-ஜே சேர்ந்து ஏய் என்று ஒலிக்கும் இடத்தில் ஒரே எழுத்து, நடுவில் முறியாது. பிரெஞ்சிலிருந்து வந்த பிஜூ (நகை) போன்ற சொல்லில் மட்டும் அவை தனித்தனி, பி-ஜூ என்று முறிக்கலாம்.

இனி மென்பொருள். மருத்துவமனை என்ற ஸீகென்ஹௌஸ், ஸீக்-என்ஹௌஸ் என்று முறிந்தால் விதியைச் சந்தேகிக்காதீர்கள். பத்தியின் மொழி ஆங்கிலமாக இருக்கிறதா என்று பாருங்கள். வேர்டிலும் லிப்ரே ஆஃபீசிலும் முழு உரையைத் தேர்ந்து சரிபார்ப்பு மொழியை டச்சு என்று மாற்றுங்கள். இணையப் பக்கம் என்றால் மொழிக் குறியீடு என்-எல் என்று இருக்க வேண்டும். அது இல்லாமல் தானியங்கி அசைப் பிரிப்பை இயக்கினால் உலாவிக்கு எந்த மொழி விதி என்று தெரியாது.

மொழி சரியாக இருந்தும் பிழை வந்தால் அது பொருள் சார்ந்த மயக்கம். 1983இல் ஃப்ராங்க் லியாங் ஸ்டான்ஃபோர்டில் டெக் என்ற அச்சமைப்பு மென்பொருளுக்காக உருவாக்கிய முறை எழுத்துத் தொடர்களைப் பார்த்து முறிவிடம் சொல்கிறது. பொருள் அதற்குத் தெரியாது. இந்தச் சொற்களைக் கவனியுங்கள்:

க்வர்ட்-ஸ்லாஹென் என்றால் கால் சுற்றுத் திருப்பங்கள். க்வர்ட்ஸ்-லாஹென் என்றால் படிகக்கல் அடுக்குகள். பல்க்-அன்கெர் உத்தரத்தைச் சுவரோடு பிணைக்கும் இரும்பு. ஒரு எழுத்து தள்ளி பல்-கன்கெர் என்று முறிந்தால் விரைப் புற்றுநோய். மஸ்ஸாஷெ-பெட் உடம்பு பிடித்துவிடும் கட்டில். மஸ்ஸா-ஹெபெட் கூட்டு வழிபாடு. கெர்ஸ்-டோமாட்யெஸ் சின்னத் தக்காளிகள். கெர்ஸ்ட்-ஓமாட்யெஸ் கிறிஸ்துமஸ் பாட்டிகள்.

இத்தகைய சொல்லில் சரியான பொருத்தில் மென்கோடு வையுங்கள். வேர்டில் கண்ட்ரோலும் கழித்தல் குறியும் சேர்த்து அழுத்தினால் வரும். அது வரி ஓரத்தில் மட்டும் தெரியும், நடுவில் மறைந்திருக்கும். யூனிகோடில் அதன் எண் 00ஏடி. சாதாரணச் சிறுகோட்டைத் தட்டினால் பத்தி மறுபடி அமையும்போது வரி நடுவில் கோடு துருத்திக்கொண்டு நிற்கும். பிரியவே கூடாத இடத்தில் கண்ட்ரோல், ஷிஃப்ட், கழித்தல் மூன்றும் சேர்த்து முறியாக்கோடு போடலாம். ஒரே சொல் நூல் முழுக்க வருமானால், டெக்கின் வழி வந்த லேடெக்கில் விதிவிலக்குப் பட்டியலில் ஒருமுறை எழுதிவிடுங்கள். பன்மை வடிவத்தையும் தனியே சேர்க்க வேண்டும். ஒருமையை மட்டும் சேர்த்தால் பன்மை பழைய இடத்திலேயே முறியும்.

அறிகுறி: முறிந்த பிறகு எழுத்துக்கூட்டல் தவறாகத் தெரிகிறது

டச்சில் முறிவு எழுத்தையே மாற்றும் இடங்கள் உண்டு. இரட்டைப் புள்ளி உயிர்களைப் பிரித்துக் காட்டத்தான் வந்தது. வரியே அவற்றைப் பிரித்துவிட்டால் புள்ளிக்கு வேலையில்லை, எடுத்துவிட வேண்டும். ஸேயென் முறியும்போது ஸே ஒரு வரியிலும், புள்ளியில்லாத ஈயும் என்னும் அடுத்த வரியிலும் வரும். முழங்கால்கள் என்ற க்னீயெனும் அப்படியே.

சிறுமை விகுதியில் இன்னும் நுட்பம். ஓமா (பாட்டி) ஓமாட்யெ ஆகும்போது நெடிலைக் காக்க ஏ எழுத்து இரட்டிக்கிறது. ஓமா-ட்யெ என்று முறிந்ததும் ஏ ஒன்றாகிவிடும், ஏனென்றால் இப்போது அது வரியின் கடைசியில் திறந்த அசையில் நிற்கிறது. ஔடோட்யெவும் ஃபோடோட்யெவும் அதே மாதிரி ஓ ஒன்றை இழக்கும். பேபிட்யெவின் மேற்குறியும் முறிவில் மறையும். பன்மை எஸ்ஸுக்கு முன்னால் உள்ள மேற்குறியில் மட்டும் ஒருபோதும் முறிக்கக் கூடாது. ஃபோ-டோஸ் என்று முன்னாலேயே முறித்துக்கொள்ளுங்கள்.

சாதாரண மென்கோடு எழுத்தை மாற்றாது, இருப்பதை இரண்டாக்கும், அவ்வளவே. லேடெக்கின் பேபல் தொகுப்பில் டச்சு மொழியைத் தேர்ந்து, இரட்டை மேற்கோளோடு உயிரெழுத்தைத் தட்டினால் புள்ளியுள்ள எழுத்து கிடைக்கும். அந்த இடத்தில் முறிந்தால் புள்ளி தானாக விழும். வேர்டில் அந்த வசதியை நம்பாமல், இறுதிப் படியில் வலது ஓரத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்து, அடுத்த வரி புள்ளியுள்ள எழுத்தில் தொடங்கினால் அந்த முறிவை நீக்கி முந்தைய அசைக்கு நகர்த்துங்கள். இந்த வேலையைப் பக்க அமைப்பு முழுதும் முடிந்த பிறகே செய்யுங்கள்; ஒரு படத்தை நகர்த்தினால் முறிவுகள் அத்தனையும் இடம் மாறும்.